ரூஸ்வெல்ட் அவென்யூவில் ஞாயிறு காலைச் சாப்பாடு: கேள்வி பதில்

நியூயார்க்கின் குவீன்ஸில் இருக்கும் ஜாக்ஸன் ஹைட்ஸில் குடியேறிப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. நம் ஆட்கள் 74வது தெருவில் இறங்கி, கறிவேப்பிலையும் இட்லி அரிசியும் வாங்கிக்கொண்டு அப்படியே ரயிலேறிவிடுகிறார்கள். அங்கிருந்து 7ஆம் நம்பர் ரயில் தலைக்கு மேல் ஓடும் ரூஸ்வெல்ட் அவென்யூவில் கிழக்கே எட்டுத் தெரு நடந்தால் 82வது தெரு வரும். அந்தப் பக்கத்துக் கொலம்பியக் கடைகளில்தான் என் ஞாயிறு காலைகள் கழிகின்றன. அதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி (எடிசன், நியூஜெர்சி): வார இறுதியில் பிரஞ்ச், அதாவது காலையும் மதியமும் சேர்ந்த சாப்பாடு, சாப்பிட வரலாம் என்றீர்கள். ஒரு கடையிலும் அந்தப் போர்டைக் காணோமே?

இருக்காது. "தேசயூனோ" என்று தேடுங்கள். ஸ்பானிஷில் காலை உணவு. பல கடைகளில் அது மதியம் வரை ஓடும். ஒன்பதரைக்குள் போனால் நிம்மதியாக உட்காரலாம். தேவாலயப் பூசை முடிந்து குடும்பம் குடும்பமாக வர ஆரம்பித்தால் பாட்டி, பேத்தி, தள்ளுவண்டிக் குழந்தை என்று கடை நிரம்பிவிடும். எனக்கு அந்தக் கூட்டம் பிடிக்கும். பசியோடு போகிறவர்கள் சீக்கிரம் போங்கள்.

கேள்வி (ஃப்ளஷிங்): நாங்கள் சைவம். தைரியமாக உட்காரலாமா?

உட்காரலாம், ஆனால் கேட்டுவிட்டு. "கார்னே இல்லாமல்" என்று சொன்னால் போதும் என்று நினைக்காதீர்கள். கார்னே என்றால் பலருக்கு மாட்டிறைச்சிதான் மனதில் வரும். மாடு வேண்டாம் என்கிறார்கள் என்று புரிந்துகொண்டு, நல்ல எண்ணத்தோடு கோழியையோ பன்றித் தொடைக்கறியான ஹாமையோ வைத்துவிடுவார்கள். எனக்கே நடந்திருக்கிறது. அதனால் முழுதாகச் சொல்லுங்கள்: "ஸோய் வெஹெதாரியானோ. நி போயோ, நி ஹமோன், நி பெஸ்காதோ." கோழி, ஹாம், மீன் எதுவும் வேண்டாம் என்று அர்த்தம். பெண்கள் "வெஹெதாரியானா" என்று சொல்ல வேண்டும்.

அப்புறம், பீன்ஸ். பார்க்க நம் ராஜ்மா மாதிரி அப்பாவியாக இருக்கும். கொலம்பியச் சமையலில் அதைப் பெரும்பாலும் பன்றி இறைச்சித் துண்டு போட்டுத்தான் வேக வைப்பார்கள். மெக்சிகன் கடையில் மசித்த பீன்ஸில் பன்றிக் கொழுப்பு சேர்வது உண்டு. சோறும் சில இடங்களில் கோழிச் சாற்றில் வெந்திருக்கும்.

பெரும்பாலும் கவலையில்லாமல் கேட்கக்கூடியது "அரேபா கோன் கேசோ". சோள மாவில் தட்டிக் கல்லில் சுட்ட தடிமனான ரொட்டி, சீஸோடு வரும். கூடவே பழுத்த வாழைக்காய் வறுவல், அதன் பெயர் மதூரோ. கல்லும் எண்ணெய்ச் சட்டியும் பொதுவானவை என்பதைப் பொறுத்துக்கொள்ள முடியாதவர்கள் இரண்டையும் விட்டுவிடுங்கள். முட்டை சாப்பிடுவீர்கள் என்றால் "வேவோஸ் பெரிகோஸ்" இருக்கிறது. தக்காளியும் வெங்காயத்தாளும் போட்ட முட்டைப் பொரியல், நம் வீட்டு ருசிக்கு ரொம்ப அருகில்.

கேள்வி (புதிதாக வந்த மாணவர்): காரம் தாங்குமா?

தம்பி, கொலம்பியச் சாப்பாட்டில் காரமே கிடையாது. மேசையில் "அஹீ" என்று பச்சைச் சட்னி இருக்கும். கொத்தமல்லி, வெங்காயத்தாள், மிளகாய், வினிகர் கலந்தது. தாராளமாக ஊற்றிக்கொள்ளுங்கள். மிளகாயே அமெரிக்கக் கண்டத்திலிருந்துதான் நமக்கு வந்தது. காரம் வேண்டும் என்றால் இன்னும் கிழக்கே கொரோனா என்ற பகுதிக்குப் போய் மெக்சிகன் கடையில் "சிலாகிலேஸ்" கேளுங்கள். டோர்டில்லா என்ற மெல்லிய சோள ரொட்டியின் பொரித்த துண்டுகளைச் சிவப்பு அல்லது பச்சை மிளகாய்ச் சாற்றில் புரட்டி, மேலே சீஸும் கிரீமும் போட்டுத் தருவார்கள். மொறுமொறுப்பு அடங்குவதற்குள் சாப்பிட வேண்டும்.

கேள்வி (பிராங்ஸ்): எல்லாம் மெக்சிகன் சாப்பாடுதானே? என்ன வித்தியாசம்?

நிறைய. மெக்சிகோக்காரர்கள் சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து ஊறவைத்து அரைக்கிறார்கள். டோர்டில்லாவின் வாசனைக்கு அதுதான் காரணம். கொலம்பிய அரேபாவில் பொதுவாகச் சுண்ணாம்பு கிடையாது. டொமினிகன்காரர்களுக்குக் காலையில் வாழைக்காய்: வேகவைத்து மசித்த "மாங்கு", மேலே வினிகரில் வதக்கிய சிவப்பு வெங்காயம், பக்கத்தில் பொரித்த சலாமி (தொத்திறைச்சி), பொரித்த சீஸ், முட்டை. இந்த மூன்றுக்கும் "லோஸ் த்ரெஸ் கோல்பெஸ்", மூன்று அடி, என்று பெயர். அதற்கு மன்ஹாட்டனின் வாஷிங்டன் ஹைட்ஸ்தான் சரியான இடம்.

கேள்வி (ஜெர்சி சிட்டி): ஒரே ஒரு தட்டு என்றால் எதைச் சொல்வீர்கள்?

கலென்தாதோ. யோசிக்கவே மாட்டேன்.

பெயருக்கு அர்த்தமே "சூடு பண்ணியது". முந்தின நாள் பீன்ஸையும் சோற்றையும் ஒன்றாக வாணலியில் போட்டு, தக்காளி வெங்காயத்தாள் வதக்கலோடு பிரட்டி, மேலே முட்டை, ஓரத்தில் அரேபா, சோரிசோ என்ற பன்றித் தொத்திறைச்சி அல்லது மெல்லிய மாட்டிறைச்சித் துண்டு. கல்யாணத்துக்கு மறுநாள் மிஞ்சிய குழம்பையெல்லாம் ஒன்றாகச் சுண்ட வைத்து, அம்மா கையில் உருட்டிப் போட்ட சுண்டக்கறி ஞாபகம் இருக்கிறதா? அதே சங்கதி. ஒரு இரவு கிடந்து பீன்ஸ் கெட்டியாகி, சோற்றுக்குள் இறங்கி, அடியில் லேசாகப் பிடித்துக் கருகிய வாசனையோடு வரும். புதிதாகச் சமைத்து அந்த ருசியைக் கொண்டுவர முடியாது. மெனுவில் படம் போட்ட பெரிய தட்டுகளை விட்டுவிட்டு, அந்தக் கடைக்காரர் தன் வீட்டில் காலையில் எதைத் தின்பாரோ அதைக் கேளுங்கள்.

கேள்வி (கனெக்டிகட்): ஹலால் பார்ப்பவர்களுக்கு?

சோரிசோ பன்றி. சலாமி, பீன்ஸ் இரண்டையும் தவிர்த்துவிடுங்கள். பெரும்பாலும் எல்லாம் ஒரே கல்லில்தான் சுடுவார்கள். என் நண்பர் ஒருவர் என்னோடு வரும்போது பழச்சாறோடு நிறுத்திக்கொள்வார்.

கேள்வி (அதே ஃப்ளஷிங் வாசகர்): குழந்தைகளுக்கு என்ன குடிக்க வாங்கலாம்?

ஜூஸ் கேட்டால் "என் அகுவா ஓ என் லேச்சே" என்பார்கள். தண்ணீரிலா பாலிலா என்று கேட்கிறார்கள். முள்சீத்தாப் பழமான குவானாபனாவைப் பாலில் வாங்குங்கள், புளிப்பான லூலோவைத் தண்ணீரில். பனேலா என்பது நம் வெல்லமேதான். கரும்புச்சாற்றைக் காய்ச்சி அச்சில் ஊற்றியது. அதைக் கரைத்து எலுமிச்சை பிழிந்து "அகுவாபனேலா" தருவார்கள். என் மகள் பானகம் என்றே கேட்பாள். பெரியவர்கள் ஹாட் சாக்லேட்டில் சீஸ் துண்டைப் போட்டு, உருகி இழுபடும்போது கரண்டியால் எடுத்துச் சாப்பிடுங்கள். முதல் வாய் விநோதமாக இருக்கும்.

கேள்வி (எடிசன்): டிப்ஸ்?

18 முதல் 20 சதவீதம். நியூயார்க் நகரத்தில் விற்பனை வரி 8.875 சதவீதம், அதை இரட்டித்து மேலே கொஞ்சம் சேர்த்தால் கணக்கு சரி. 60 டாலருக்குச் சாப்பிட்டால் 12 டாலர் வையுங்கள், முடிந்தால் ரொக்கமாக.

கேள்வி (குவீன்ஸ் வில்லேஜ்): சாப்பிட்டு அரை மணி நேரம் ஆகியும் பில்லே கொண்டுவரவில்லை. நம்மை மதிக்கவில்லையோ என்று வருத்தமாகிவிட்டது.

அந்த வருத்தம் வேண்டாம் அம்மா. நானும் முதல் தடவை முகம் சுளித்துக்கொண்டு காத்திருந்தேன். கேட்காமல் பில்லை நீட்டினால் விருந்தாளியை எழுந்து போகச் சொல்வது மாதிரி என்பது அவர்கள் வழக்கம். சாப்பிட்ட பிறகு மேசையை விட்டு எழாமல் பேசிக்கொண்டிருக்கும் நேரத்துக்கே "ஸோப்ரெமேசா" என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். உங்களுக்குப் போக வேண்டும் என்றால் கையை உயர்த்தி "லா குவென்தா, போர் ஃபவோர்" என்று சொல்லுங்கள், உடனே வரும். அவசரம் இல்லை என்றால் "தின்தோ" என்று ஒரு கறுப்புக் காப்பி சொல்லிவிட்டுப் பேசிக்கொண்டிருங்கள்.