பால் கொடுக்கும் அம்மா அலர்ஜி மாத்திரை போடலாமா?

கேள்வி: எனக்கு வயது 28. குழந்தைக்கு மூன்று மாதம், தாய்ப்பால் மட்டும்தான். காலையில் எழுந்ததும் விடாமல் தும்மல், மூக்கில் தண்ணீராக ஒழுகுகிறது, கண் அரிக்கிறது. முன்பெல்லாம் செட்ரிசின் போட்டால் நின்றுவிடும். இப்போது போட்டால் ஒரு நாள் பாலைப் பீய்ச்சிக் கீழே ஊற்றிவிட வேண்டும் என்கிறார் மாமியார். பயந்துகொண்டு இரண்டு வாரமாகச் சமாளிக்கிறேன். என்ன செய்வது?

பதில்: மாத்திரையும் போடுங்கள், பாலும் கொடுங்கள். ஒரு சொட்டுக்கூடக் கீழே ஊற்ற வேண்டாம்.

உங்கள் மாமியார் பயப்படுவது பேரக்குழந்தைமேல் உள்ள அக்கறையால்தான். ஆனால் மருந்து பாலில் போய்த் தேங்கி நிற்பதில்லை. ரத்தத்தில் கூடும்போது பாலிலும் கொஞ்சம் கூடும், ரத்தத்தில் குறைந்தால் பாலிலும் குறைந்துவிடும். பீய்ச்சி ஊற்றுவதால் அது சீக்கிரம் வெளியேறிவிடாது. இப்படித்தான் ஒரு தாய் இரண்டு நாள் பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டுக் குழந்தைக்குப் புட்டியில் பவுடர் பால் கொடுத்திருந்தார். என்னிடம் வரும்போது மார்பு கல்லாகக் கட்டி, காய்ச்சல் அடித்தது. குழந்தையோ புட்டிக்குப் பழகி, மார்பில் வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. அவர் போட்டிருந்தது செட்ரிசின் மாத்திரை ஒன்றே ஒன்று.

தாயின் எடை, குழந்தையின் எடை இரண்டையும் வைத்துக் கணக்குப் போட்டால், தாய் எடுக்கும் அளவில் லோரடடின் (இதுவும் செட்ரிசின் போன்ற அலர்ஜி மாத்திரைதான்) ஏறக்குறைய ஒரு சதவீதமும், செட்ரிசின் சில சதவீதமும்தான் பால் வழியாகக் குழந்தைக்குப் போகின்றன. பொதுவாகப் பத்து சதவீதத்துக்குக் கீழே இருந்தால் கவலையில்லை என்று எடுத்துக்கொள்கிறோம். செட்ரிசின், ஆறு மாதம் தாண்டிய குழந்தைகளுக்கு நாங்கள் நேரடியாகவே எழுதித் தரும் மருந்தும்கூட. மாத்திரை அட்டையோடு வரும் தாளில் 'பாலூட்டும் தாய்மார் தவிர்க்கவும்' என்று போட்டிருக்கும். அது பெரும்பாலும் கம்பெனியின் முன்னெச்சரிக்கை. செட்ரிசின் 10 மி.கி. அல்லது லோரடடின் 10 மி.கி., தினம் ஒன்று, இரவு பால் கொடுத்து முடித்ததும் போடுங்கள்.

நான் பயப்படுவது வேறு ஒன்றுக்கு. மருந்துக்கடையில் போய் "தும்மல், சளி" என்றால் கையில் தருவது பெரும்பாலும் பல மருந்துகள் கலந்த கூட்டு மாத்திரை. அட்டையைத் திருப்பி, பொடி எழுத்தைப் படியுங்கள். குளோர்பெனிரமின் என்ற பழைய வகை அலர்ஜி மருந்து இருந்தால் உங்களுக்கும் தூக்கம், குழந்தைக்கும் மந்தம். அவிலும் இந்த வகைதான். அதைப் போட்டுக்கொண்டு படுத்தபடியே பால் கொடுத்து அப்படியே கண் அயர்ந்துவிடுவது குழந்தைக்கு உண்மையாகவே ஆபத்து. சூடோஎபிட்ரின் இருந்தால் வாங்கவே வாங்காதீர்கள். அது மூக்கடைப்பைத் திறக்கும், ஆனால் பாலைக் குறைக்கும். ஒரு சிறிய ஆய்வில் 60 மி.கி. ஒரே ஒரு வேளை எடுத்ததற்கே அன்றைய பால் சராசரியாக நான்கில் ஒரு பங்கு குறைந்தது. பால் பத்தவில்லை என்று அழும் தாய்மாரிடம் சளி மாத்திரை போட்டீர்களா என்றும் நான் கேட்பது இதனால்தான்.

தும்மல் தினசரி வாடிக்கையாகிவிட்டால் மாத்திரையைவிட ஸ்டீராய்டு மூக்கு ஸ்பிரே நல்லது. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். மூக்கோடு நின்றுவிடும், ரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு. டாக்டரைப் பார்த்து எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். உப்புநீர் ஸ்பிரேயை எத்தனை முறை வேண்டுமானாலும் அடிக்கலாம்.

அப்புறம், குழந்தையைக் குளிப்பாட்டியதும் சாம்பிராணிப் புகை காட்டுகிறீர்களா? நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் கேட்கிறேன். பிள்ளை பெற்ற வீட்டில் தும்மல் அதிகமாக அதுவும் ஒரு காரணம். புகை உங்கள் மூக்குக்கும் ஆகாது, பிஞ்சு நுரையீரலுக்கும் ஆகாது. தலையைத் துண்டால் ஒற்றி எடுத்தாலே காய்ந்துவிடும். மாமியாரிடம் டாக்டர் சொன்னார் என்று சொல்லுங்கள். தலையணை உறை, போர்வையை வாரம் ஒருமுறை வெந்நீரில் துவைத்து வெயிலில் போடுங்கள்.

மாத்திரை ஆரம்பித்த முதல் சில நாள் குழந்தையைக் கவனியுங்கள். பால் வேளைக்கு எழுப்பினாலும் எழாமல் தூங்கினாலோ, சப்புவது மந்தமானாலோ, ஒரு நாளில் ஆறு முறைக்கும் குறைவாகச் சிறுநீர் போனாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே குழந்தை மருத்துவரிடம் போங்கள். குறைமாதத்தில் பிறந்த குழந்தை என்றால் முதலிலேயே அவரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள். உங்களுக்கு மூச்சு இளைத்தாலோ, நெஞ்சில் விசில் சத்தம் கேட்டாலோ அது ஆஸ்துமாவாக இருக்கலாம், அன்றே காட்டுங்கள். அதற்கான இன்ஹேலரையும் பால் கொடுத்துக்கொண்டே எடுக்கலாம்.