குழந்தை கஸ்டடி வழக்கு: எந்த ஊர் வக்கீலைப் பிடிப்பது?

கேள்வி: கோவையில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். கணவரைப் பிரிந்து இரண்டு வருடமாக சரவணம்பட்டியில் அம்மா வீட்டில் இருக்கிறேன். ஏழு வயது மகனும் என்னுடன்தான் இருந்தான், இங்கேயே பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். காலாண்டு லீவுக்கு மதுரைக்கு அழைத்துப் போன கணவர் திருப்பிக் கொண்டுவந்து விடவில்லை. ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. அங்கேயே பள்ளியில் சேர்க்கப் போவதாகச் சொல்கிறார். 'கஸ்டடி வக்கீல்' என்று போனில் தேடினால் பெயர் பெயராக வருகிறது. யாரை நம்புவது? கோவையிலா, மதுரையிலா பிடிப்பது? ஒருவர், 'மூன்றே மாதத்தில் பிள்ளையை வாங்கித் தருகிறேன், பாதிப் பணம் இப்போது, மீதி பிள்ளை கைக்கு வந்ததும்' என்கிறார். போலீஸில் 'இது குடும்ப விஷயம், கோர்ட்டுக்குப் போங்க' என்று அனுப்பிவிட்டார்கள்.

பதில்: மூன்று மாதக் கணக்குச் சொன்ன அந்த வக்கீலிடம் போக வேண்டாம். வழக்கின் முடிவைப் பொறுத்து ஃபீஸ் பேசுவதை, வக்கீல்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பான இந்திய பார் கவுன்சிலின் விதிகளே தடுக்கின்றன. அதைவிட முக்கியம், கஸ்டடி வழக்கில் யாராலும் இப்படி உத்தரவாதம் தர முடியாது. குழந்தையின் நலன் ஒன்றுதான் அளவுகோல் என்பதால், நீதிபதி உங்கள் மகனைத் தனியே தன் அறைக்கு அழைத்துப் பேசலாம். ஏழு வயதுப் பையன் அங்கே என்ன சொல்வான் என்பதற்கு எந்த வக்கீல் கேரண்டி கொடுப்பார்?

அடுத்தது எந்த ஊர் என்பது. பலரும் தங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் வக்கீல் தேடுகிறார்கள். இந்த வகை வழக்கில் பார்க்க வேண்டியது குழந்தையின் ஊர். 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் மற்றும் காப்புக்குரியோர் சட்டத்தின் 9-வது பிரிவுப்படி, குழந்தை வழக்கமாக வசிக்கும் இடத்து நீதிமன்றத்துக்குத்தான் அதிகாரம். இங்கே 'வழக்கமாக' என்ற சொல்லில்தான் உங்கள் வழக்கே இருக்கிறது. லீவுக்கு அழைத்துப் போய் நிறுத்திக்கொண்டதால் மதுரை அவனுடைய வழக்கமான ஊர் ஆகிவிடாது. ருச்சி மஜூ வழக்கில் 2011-இல் உச்ச நீதிமன்றம், குழந்தை எங்கே வழக்கமாக வசிக்கிறது என்பதை அந்தந்த வழக்கின் உண்மைகளை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்றது. இரண்டு வருடம் கோவையில் படித்த பையன் என்பது வலுவான உண்மை. ஆனால் காலம் போகப் போக அது தேயும். மதுரையில் ஒரு பள்ளிக்கூடம், ஒரு டியூஷன், நாலு நண்பர்கள் என்று ஆகிவிட்டால் எதிர்த் தரப்புக்கு வாதம் கிடைத்துவிடும். அதனால் கோவை வக்கீல், அதுவும் இந்த வாரமே.

கோவை வக்கீல் என்று சொல்லும்போது கோவைக் குடும்ப நல நீதிமன்றத்தில் தினமும் நிற்பவரைச் சொல்கிறேன். சொத்து வழக்கிலும் செக் கேஸிலும் பெரிய பெயர் எடுத்தவர் இதற்குத் தேவையில்லை. சென்னையிலிருந்து பெரிய சீனியரைக் கூட்டிவருவதும் இந்தக் கட்டத்தில் வீண் செலவு என்பது என் கருத்து. தேவைப்பட்டால் அப்பீலின்போது யோசிக்கலாம்.

குடும்ப நல நீதிமன்றத்தில் இன்னொரு விசேஷமும் உண்டு. 1984-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13-வது பிரிவுப்படி அங்கே வக்கீல் வைத்துக்கொள்வது உரிமை அல்ல, நீதிமன்றம் அனுமதித்தால்தான். நடைமுறையில் அனுமதி கேட்டால் பெரும்பாலும் கிடைத்துவிடும். ஆனாலும் நீதிமன்றத்தின் குடும்ப ஆலோசகர் (கவுன்சிலர்) பேசுவது உங்களிடம்தான், பல நேரம் நீதிபதியே நேரடியாகக் கேட்பார். உங்களைப் பின்னால் நிறுத்திவிட்டுத் தானே எல்லாம் பேசிக்கொள்வதாகச் சொல்பவரைவிட, என்ன கேட்பார்கள் என்று உட்கார்த்தி வைத்துத் தயார் செய்பவர் மேல்.

சரி, அவரை எப்படிக் கண்டுபிடிப்பது? போனில் தேடி வரும் பட்டியலை நம்ப வேண்டாம். வக்கீல்கள் விளம்பரம் செய்யக் கூடாது என்று பார் கவுன்சிலின் 36-வது விதி சொல்கிறது. சொந்த இணையதளத்தில் பெயர், முகவரி, பதிவு எண், படிப்பு போன்ற சில விவரங்கள் மட்டும் போட்டுக்கொள்ளலாம். இணையதளங்கள் வழியாக ஆள் பிடிக்கும் போக்கைக் கண்டித்து, நடவடிக்கை எடுக்கும்படி பார் கவுன்சிலுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் உத்தரவே போட்டது. நட்சத்திரக் குறியும் 'நம்பர் 1' பட்டமும் போட்டுக்கொண்டு மேலே வரும் பெயர்கள், விதியை மதிக்கும் வக்கீல்கள் செய்யாத ஒன்றைச் செய்துதான் அங்கே வந்திருக்கின்றன.

ஒரு நாள் அரைநாள் லீவு போட்டுவிட்டு நீதிமன்றத்துக்கே போங்கள். குடும்ப வழக்குகள் மூடிய அறையில் நடக்கலாம், உள்ளே விட மாட்டார்கள். பரவாயில்லை, அன்றைய காஸ் லிஸ்ட்டை, அதாவது வழக்குப் பட்டியலைப் பாருங்கள். கோர்ட் ஹாலுக்கு வெளியே ஒட்டியிருப்பார்கள், இணையத்திலும் கிடைக்கும். வழக்கு எண், தரப்பினர் பெயர், இரு பக்க வக்கீல் பெயர், வழக்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று வரிசையாக இருக்கும். எச்.எம்.ஓ.பி. என்றால் பெரும்பாலும் விவாகரத்து போன்ற திருமண வழக்கு. ஜி.டபிள்யூ.ஓ.பி. என்று இருப்பதுதான் உங்கள் வகை. அந்த வரிகளில் திரும்பத் திரும்ப வரும் வக்கீல் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். வெளியே பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் வேறொன்றும் தெரியும்: யார் நேரத்துக்கு வருகிறார், யார் ஜூனியரை அனுப்பி வாய்தா வாங்குகிறார், யார் கட்சிக்காரரிடம் நின்று பதில் சொல்கிறார் என்று.

வீட்டுக்கு வந்ததும் அந்தப் பெயர்களை நீதிமன்றங்களின் இணையதளமான இ-கோர்ட்ஸில் போட்டுப் பாருங்கள். மாநிலம், மாவட்டம், நீதிமன்ற வளாகம் தேர்ந்தெடுத்து வக்கீல் பெயரைக் கொடுத்தால் அவருடைய நிலுவை வழக்குகளும் முடிந்த வழக்குகளும் வரும். ஒரே பெயரில் இரண்டு பேர் இருக்கலாம், கவனம். வாய்தா அதிகமாக இருப்பதற்கெல்லாம் வக்கீல்தான் காரணம் என்று முடிவு கட்டவும் வேண்டாம். நீதிபதி பணியிடம் காலியாக இருந்தாலும் வாய்தாதான் விழும். அவர் இந்த வகை வழக்கை எடுத்துக் கடைசிவரை நடத்தியிருக்கிறாரா என்று தெரிந்தால் போதும். பெயர் பதிவாகியிருக்கிறதா என்று சந்தேகம் வந்தால், தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சிலில் பதிவு எண்ணைச் சொல்லிக் கேட்கலாம்.

இரண்டு மூன்று பேரை நேரில் பாருங்கள். எல்லோரிடமும் ஒரு கேள்வி தவறாமல் கேளுங்கள்: "என் பக்கம் என்ன பலவீனம்?" ஒன்றுமில்லை என்பவரை விட்டுவிடுங்கள். உங்களிடம் பலவீனம் இருக்கிறது. பையனுக்கு ஏழு வயது. ஐந்து வயது முடியாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம்தான் இருக்க வேண்டும் என்று 1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம் சொல்லும் சலுகை உங்களுக்குக் கிடைக்காது. அதே சட்டம் தகப்பனை இயற்கைக் காப்பாளர் என்கிறது. அதனால் 'கடத்திவிட்டார்' என்று போலீஸுக்குப் போனால் நீங்கள் கண்டதுதான் நடக்கும், ஆளை நேரில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லி உயர் நீதிமன்றத்தில் போடும் ஆட்கொணர்வு மனுவும் எளிதல்ல. தேஜஸ்வினி கௌட் வழக்கில் 2019-இல் உச்ச நீதிமன்றம் குழந்தை விஷயத்தில் ஆட்கொணர்வு மனு போடலாம் என்றது உண்மை. ஆனால் சட்டப்படி உரிமையில்லாதவரிடம் குழந்தை இருக்கிறது என்று காட்ட வேண்டும், பெற்ற தகப்பனிடம் இருக்கும்போது அது கஷ்டம். இதையெல்லாம் வக்கீல் தானாகச் சொல்கிறாரா என்று பாருங்கள். சொல்லிவிட்டு, 'அதே 1956 சட்டத்தின் 13-வது பிரிவில் குழந்தையின் நலன்தான் எல்லாவற்றுக்கும் மேல் என்று இருக்கிறது, அங்கிருந்துதான் நாம் தொடங்கப் போகிறோம்' என்றால் அவருக்கு வேலை தெரியும்.

முதல் சந்திப்பில் அவர் உங்கள் கணவரைப் பற்றி எவ்வளவு கேட்கிறார், மகனைப் பற்றி எவ்வளவு கேட்கிறார் என்பதும் ஒரு அடையாளம். நீங்கள் ஆபீஸிலிருந்து வரும்வரை பையனை யார் பார்த்துக்கொள்வார், பள்ளிக்கு எதில் போகிறான், உடம்பு சரியில்லை என்றால் எந்த டாக்டர், அப்பாவிடம் பாசமாக இருப்பானா என்று கேட்பவர் வழக்கை நீதிபதியின் பக்கத்திலிருந்து பார்க்கிறார். 'உங்க வீட்டுக்காரருக்கு ஒரு பாடம் கற்பிக்கலாம்' என்று ஆரம்பிப்பவர் உங்களை எட்டு வருடம் கோர்ட்டில் நிறுத்துவார். பொய்யாக ஒரு போக்சோ (குழந்தைகள் மீதான பாலியல் குற்றத் தடுப்புச் சட்டம்) புகார் கொடுத்துப் பார்க்கலாமே என்று யாராவது காதில் போட்டால் எழுந்து வந்துவிடுங்கள். பொய்ப் புகாருக்கு அந்தச் சட்டத்தின் 22-வது பிரிவிலேயே தண்டனை இருக்கிறது, பையனையும் அது சும்மா விடாது.

உங்களுக்குப் பொருந்தும் வழி, 1890 சட்டத்தின் 25-வது பிரிவில் குழந்தையைத் திரும்ப ஒப்படைக்கக் கேட்கும் மனு என்றே எனக்குப் படுகிறது. பிரதான மனுவோடு அன்றைக்கே இரண்டு இடைக்கால மனுக்கள் போக வேண்டும். ஒன்று இடைக்காலக் கஸ்டடிக்கு. இன்னொன்று, அது தாமதமானால், வார இறுதியில் பார்க்கவும் தினமும் வீடியோ காலில் பேசவும். போன் வழியான தொடர்பையும் ஒரு உரிமையாகவே 2020-இல் யஷிதா சாஹு வழக்கில் உச்ச நீதிமன்றம் பார்த்தது. 'முதலில் நோட்டீஸ் விட்டு 15 நாள் பார்க்கலாம்' என்று வக்கீல் சொன்னால் ஏன் என்று கேளுங்கள். இந்த மனுவுக்கு முன்னறிவிப்பு கட்டாயமில்லை. உங்கள் வழக்கில் அந்த 15 நாள் அவர்களுக்குத்தான் லாபம். விவாகரத்து மனு போடப் போகிறீர்கள் என்றால் 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 26-வது பிரிவில் அதற்குள்ளேயே கஸ்டடி கேட்கலாம். வீட்டில் வன்முறை நடந்திருந்தால் 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 21-வது பிரிவில் மாஜிஸ்திரேட்டிடம் தற்காலிகக் கஸ்டடி கேட்க வழி உண்டு. நடந்திருந்தால் மட்டும்.

ஃபீஸ் இவ்வளவுதான் என்று எந்த அட்டவணையும் கிடையாது. மொத்தமாகவா, வாய்தாவுக்கு இவ்வளவு என்றா, இடைக்கால மனுவுக்குத் தனியா, டைப்பிங், நகல் செலவு யாருடையது என்று பேசி ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கொடுக்கும் பணத்துக்கு ரசீது கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வக்காலத்தில் கையெழுத்துப் போடுங்கள், வெற்றுத் தாளில் போடாதீர்கள். மனுவைத் தாக்கல் செய்யும் முன் முழுதாகப் படியுங்கள். ஆங்கிலத்தில் இருந்தால் வரிவரியாகத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். நாளைக்குக் கூண்டில் நின்று பதில் சொல்லப் போவது நீங்கள். பிறகு பிடிக்காமல் வக்கீலை மாற்ற நினைத்தால் மாற்றலாம். ஃபீஸ் பாக்கி என்று சொல்லிக் கேஸ் கட்டைப் பிடித்து வைத்துக்கொள்ள அவருக்கு உரிமையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2000-இலேயே சொல்லிவிட்டது.

பணம் இடித்தால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும். 15100 என்ற எண்ணிலும் கூப்பிடலாம். 'எனக்குச் சம்பளம் வருகிறதே, இலவச வக்கீல் தருவார்களா' என்று தயங்குபவர்கள் நிறையப் பேர். 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12-வது பிரிவில் பெண்களுக்கு வருமான வரம்பே இல்லை. அங்கே கொடுக்கும் வக்கீல்களில் நல்லவர்களும் உண்டு, ஆர்வமில்லாதவர்களும் உண்டு. சரிப்படாவிட்டால் மாற்றிக் கேட்கலாம். வழக்குப் போடும் முன்பே உங்கள் கணவரை அழைத்து சமரசம் பேசும் வசதியும் அங்கே இருக்கிறது. ஆனால் அதற்காக மனுவைத் தள்ளிப்போட வேண்டாம். குடும்ப நல நீதிமன்றமே முதலில் சமரசத்துக்குத்தான் முயலும்.

வக்கீலைப் பார்க்கப் போகும்போது பையனின் பள்ளி அடையாள அட்டை, ரேங்க் கார்டு, ஃபீஸ் ரசீது, தடுப்பூசி அட்டை, கோவை முகவரி போட்ட ஆதார் எல்லாம் கையோடு இருக்கட்டும். கோவைதான் அவன் ஊர் என்பதற்கு இவைதான் சாட்சி. அப்புறம் வாட்ஸ்அப். அழைத்துப் போன அன்று 'லீவு முடிஞ்சதும் கொண்டுவந்து விடுறேன்' என்கிற மாதிரி உங்கள் கணவர் ஏதாவது அனுப்பியிருந்தால் உங்கள் கேஸ் கட்டில் அதுதான் முதல் தாள். அதை அழிக்காதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியம் 2023-இன் 63-வது பிரிவுப்படி மின்னணுச் சாட்சியத்துக்குச் சான்றிதழ் இணைக்க வேண்டும், மூலப் போன் உங்களிடம் இருந்தால் அந்த வேலை சுலபம். போலீஸில் கொடுத்த புகாருக்கு சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றதற்கான ஒப்புகை) வாங்கவில்லையென்றால் போய்க் கேளுங்கள். ஒரு மாதமாகச் சும்மா இருக்கவில்லை என்று தேதியோடு காட்ட உதவும். மதுரைக்குப் போய் பள்ளி வாசலில் பையனைத் தூக்கிவரும் யோசனையை யாராவது சொல்வார்கள். அப்படிச் செய்தால் நீங்களும் அவரும் ஒன்று என்று நீதிபதிக்குத் தோன்றும்.

இதற்குள் அவர் மதுரையில் மனு போட்டுவிட்டால்? சம்மன் வந்தால் வாங்காமல் திருப்பி அனுப்பாதீர்கள், ஒருதலைப்பட்சமாக உத்தரவு போய்விடும். அப்போது மதுரையில் ஒருவரை வைத்து, இந்த நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லை என்ற ஆட்சேபத்தை முதல் வாய்தாவிலேயே பதிவு செய்யச் சொல்லுங்கள். வழக்கைக் கோவைக்கு மாற்றக் கோரி உயர் நீதிமன்றத்தில் மனு போடலாம். இரண்டு ஊரும் தமிழ்நாட்டுக்குள் என்பதால் உச்ச நீதிமன்றம்வரை போக வேண்டியதில்லை. கோவையில் இறுதி உத்தரவு உங்களுக்கு எதிராக வந்தாலும் 30 நாளுக்குள் அப்பீல் உண்டு, கோவை மாவட்டத்துக்கு அது சென்னையில். மதுரை உத்தரவுகளுக்குத்தான் மதுரைக் கிளை.