மோட்டார்ஹோமின் (உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வீட்டு வண்டி) ஹிட்ச்சில், அதாவது பின்னால் காரை இணைக்கும் கொக்கியில், 5,000 பவுண்டு என்று போட்டிருக்கிறது. 4,400 பவுண்டு ஜீப்பைக் கட்டி இழுக்கலாமா?

அது ஹிட்ச் தாங்கும் எடை. வண்டி இழுக்கும் எடை வேறு. உங்களுடையது ஃபோர்டு எஃப்-53 சேசிஸில் வந்த கிளாஸ் ஏ (பஸ் வடிவப் பெரிய மோட்டார்ஹோம்), ஜி.வி.டபிள்யூ.ஆர். 22,000, ஜி.சி.டபிள்யூ.ஆர். 26,000 என்று எழுதியிருக்கிறீர்கள். பதில் அதிலேயே இருக்கிறது.

ஆள், தண்ணீர், பெட்ரோல், சாமான் எல்லாம் ஏற்றியபின் மோட்டார்ஹோம் தாண்டக்கூடாத எடை முதல் எண். பின்னால் வரும் காரையும் சேர்த்தால் தாண்டக்கூடாதது இரண்டாவது. கழித்தால் மிச்சம் 4,000. வண்டியை முழுக்க நிரப்பிவிட்டால் உங்கள் ராங்ளர் ஜீப் 400 பவுண்டு அதிகம். 10,000 பவுண்டு ஹிட்ச் மாட்டினாலும் இந்தக் கணக்கு அசையாது. டீலர் ஆசை காட்டினால் காசைக் கொடுத்துவிடாதீர்கள்.

நான் ஓட்டுவது ஃபோர்டு இ-450 வேன் சேசிஸில் வந்த கிளாஸ் சி (வேன் முகப்புள்ள சின்ன மோட்டார்ஹோம்). ஜி.வி.டபிள்யூ.ஆர். 14,500, ஜி.சி.டபிள்யூ.ஆர். 22,000, ஹிட்ச் 7,500. கழித்தாலும் அதே 7,500தான் வருகிறது. உங்களுடையதைவிடச் சின்ன வண்டி, ஆனால் நிறையச் சுமையோடும் அதிகம் இழுக்கலாம். பெரிய வண்டி பெரிதாக இழுக்கும் என்று நம்பி கிளாஸ் ஏ-வுக்கு மாறுகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

சரி, ஜீப்பை விற்றுவிட வேண்டுமா? வேண்டாம். 26,000-இல் ஜீப்பின் 4,400 போக, மோட்டார்ஹோமை 21,600-க்குள் வைத்துக்கொண்டால் போதும். ஒரு கேலன் தண்ணீர் 8.3 பவுண்டு, 80 கேலன் டேங்க் நிரம்பினால் 660-ஐத் தாண்டும். போகிற இடத்தில் குழாய் இணைப்பு உண்டென்றால் கால் டேங்க்கோடு கிளம்புங்கள். ஆனால் கிளம்புமுன் கழிவுநீர் டேங்க்குகளைக் காலி செய்யாவிட்டால் தண்ணீர் ஒரு டேங்க்கிலிருந்து இன்னொன்றுக்கு இடம் மாறியிருக்கும், அவ்வளவுதான். சைக்கிள், ஐஸ் பெட்டி, அரிசி மூட்டையை எல்லாம் ஜீப்புக்கு மாற்றுவதும் அதே கதை. மொத்த எடையில் அதுவும் சேர்த்திதான்.

கதவருகே ஒட்டியிருக்கும் சரக்கு எடை ஸ்டிக்கரை மட்டும் நம்பாதீர்கள். பிறகு நீங்கள் மாட்டிய சோலார் பேனல், கூடுதல் பேட்டரி எதுவும் அதற்குத் தெரியாது. பயணத்துக்குக் கிளம்பும் நிலையிலேயே, குடும்பத்தோடு, டிரக் ஸ்டாப்பில் இருக்கும் கேட் ஸ்கேலில் (CAT Scale, லாரி எடை மேடை) ஏறுங்கள். முன் அச்சு முதல் தட்டில், பின் அச்சு இரண்டாவதில், ஜீப் மூன்றாவதில் நிற்க வேண்டும். அழைப்பு பட்டன் லாரி டிரைவர் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கும், கீழே இறங்க வேண்டியிருக்கலாம். சீட்டில் மூன்று எடையும் மொத்தமும் தனித்தனியாக வரும். மொத்தத்தை மட்டும் பார்த்து நிம்மதி அடையாமல், ஒவ்வொரு அச்சையும் அதனதன் ஜி.ஏ.டபிள்யூ.ஆர்.-உடன், அதாவது அந்த அச்சு தாங்கும் எடை வரம்போடு, ஒப்பிடுங்கள். சேமிப்பறைகள் பின்பக்கம் குவிந்த வண்டிகளில் மொத்தம் சரியாக இருந்தும் பின் அச்சு மட்டும் மீறியிருக்கும். இடது வலது வித்தியாசம் இந்தச் சீட்டில் தெரியாது. அதற்கு எஸ்கேப்பீஸ் என்ற மோட்டார்ஹோம் பயணிகள் அமைப்பின் ஸ்மார்ட்வெய் போன்ற இடங்களில் சக்கரம் சக்கரமாக எடை போடுகிறார்கள். டயர் காற்றை அதிகச் சுமையுள்ள பக்கத்துக்கு ஏற்றபடி, அந்த அச்சு முழுக்க ஒரே அளவில் வையுங்கள்.

டோ பார் (ஜீப்பை ஹிட்ச்சோடு இணைக்கும் கம்பி), பேஸ் பிளேட் (அந்தக் கம்பியை மாட்ட ஜீப்பின் முன்பக்கம் பொருத்தும் சட்டம்) இரண்டிலும் தனி எடை வரம்பு உண்டு, அதையும் பாருங்கள்.

பிரேக் விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. மோட்டார்ஹோமின் பிரேக் அதன் சொந்த 22,000 பவுண்டை நிறுத்தத்தான் வடிவமைக்கப்பட்டது, 26,000-ஐ அல்ல. மிச்சத்தை ஜீப்பின் பிரேக்கே நிறுத்த வேண்டும். அதற்குத் துணை பிரேக் கருவி வாங்கியே ஆக வேண்டும். பல மாநிலங்களில் 3,000 பவுண்டைத் தாண்டினால் சட்டமே கேட்கிறது. கேட்காத மாநிலத்திலும் வாங்குங்கள். டென்வருக்கு மேற்கே ஐ-70-இல் ஐசன்ஹோவர் சுரங்கம் தாண்டி இறங்கும்போது டோ/ஹால் மோடை (கியரைத் தாழ்த்தி எஞ்சினாலேயே வேகத்தைப் பிடிக்கும் அமைப்பு) போட்டு, இறக்கம் தொடங்குமுன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள்.