தம்பிலுவில் தம்பிக்கு: குளிர விடுங்க, ரூமப் பாருங்க

தம்பி, நீங்க கேட்டதெல்லாம் வாசிச்சன். தம்பிலுவில்ல இருந்து செப்டம்பர்ல கனடால ஸ்காபரோ பக்கம் ஒரு கொலிஜுக்கு வாறீங்க, குளிரத் தாங்க ஏலுமா, என்ன உடுப்பு கொண்டு வாற, ரைஸ் குக்கர் வைக்கலாமா, பாட் டைம் வேலை எப்பிடி, தெரிஞ்ச ஆக்கள்ட பேஸ்மன்ட்ல ரூம் சொல்லி வெச்சிரிக்கு எண்டு எழுதியிரிக்கீங்க. குளிரப் பத்தி ஆளாளுக்குப் பயங்காட்டுவாங்க, அத விடுங்க, நல்ல ஜக்கட்டும் சப்பாத்தும் இரிந்தா அலுவல் முடிஞ்சுது. ஆனா ஊர்ல வாங்கிட்டு வராதீங்க, அங்க விக்கிற ஜக்கட் நுவரெலியாவுக்குத்தான் காணும். எனக்குப் பத்திட்டு வந்தது அந்தக் கடைசி விசயம்தான், "தெரிஞ்ச ஆக்கள்" எண்டு ஒரு சொல்லு போட்டிரிக்கீங்க பாருங்க, அது.

நான் மட்டக்களப்பு ஆரையம்பதி. 2010 செப்டம்பர்ல வந்தன், எனக்கும் தெரிஞ்ச ஆக்கள்தான், மாமாட கூட்டாளிக்குச் சொந்தம். ரூமுக்கு ஜன்னல் எண்டு ஒண்டு இரிந்திச்சு, ஒரு சாண் உயரம், கூரையோட ஒட்டினாப்போல, அதுக்குள்ளால பாத்தா ரோட்டால போற ஆக்கள்ட கால்தான் தெரியும், டிசம்பர்ல பனி கொட்டி அதையும் மூடிட்டு. தலமாட்டுச் சுவருக்கு அங்கால வீட்டச் சூடாக்கிற ஃபர்னஸ், ராவு ராவா அது கும்மெண்டு எழும்பும், நானும் எழும்புவன். குசினி பின்னேரம் ஏழுல இருந்து எட்டு மட்டுக்கும்தான், மீன் பொரிக்கப்படா. (அந்த ஒரு விசயத்துல மட்டும் வீட்டுக்கார அன்ரி சொன்னது சரி. பொரிச்ச மணம் ஜக்கட்டுல ஏறினா லேசுல போகாது, அடுத்த நாள் க்ளாஸ்ல உங்களுக்குப் பக்கத்துக் கதிரை காலியாத்தான் கிடக்கும். ஜக்கட்ட அலுமாரிக்குள்ள கொழுவி கதவச் சாத்திட்டுச் சமைங்க.) வந்திறங்கின அண்டே முதல் மாச வாடகை, கடைசி மாச வாடகை, அதுக்கு மேல ஏதும் உடைஞ்சாலெண்டு இன்னொரு காசு. ரிசீட் கேட்டதுக்கு, நமக்குள்ள என்னத்துக்குப் பிள்ள ரிசீட் எண்டாங்க. உடைவுக் காசு மறுகா வரவே இல்ல.

ஸ்காபரோ இரிக்கிற ஒன்டாரியோ மாகாணச் சட்டப்படி வீட்டுக்காரர் டெபொசிட்டா வாங்க ஏலுமானது கடைசி மாச வாடகை ஒண்டுதான், திறப்புக்குச் சின்னக் காசு வாங்கலாம், உடைவுக்கெண்டு வாங்கிறது சட்டத்துல இல்ல, ரிசீட் கேட்டாக் குடுத்தே ஆகணும். ஆனா இதுல ஒரு ஓட்டை இரிக்கி, அதத்தான் ஒருத்தரும் சொல்றதில்ல: வீட்டுக்காரரோட ஒரே குசினியோ ஒரே பாத்ரூமோ பாவிச்சா அந்தச் சட்டம் உங்களுக்கு இல்ல, போ எண்டா அந்தச் சட்டத்தக் காட்டி நிக்க ஏலாது. அதால அவங்க உங்க அம்மாக்கு எவ்வளவு சொந்தமெண்டாலும் முதல்ல குசினி தனியா எண்டு கேளுங்க.

அந்த அன்ரி வந்த கிழமையே, "மட்டக்களப்பா, பாயோட ஒட்ட வெச்சிருவீங்களாமே" எண்டா, வாற ஆக்கள வசியம் பண்ணிப் பிடிச்சு வெச்சிருவமெண்டு நமக்குச் சொல்ற பழங்கதை அது. நானும் விடல்ல, "உங்கட வீட்டுல பாய் இல்ல அன்ரி, மெத்தைதான், அதால தப்பிட்டீங்க" எண்டன். ஸ்காபரோல கடை, கோயில், ரேடியோ எல்லாத்துலயும் யாழ்ப்பாணத்து ஆக்கள்தான் கூட, அவங்கள்ல எனக்குச் சோறு போட்ட நல்ல மனிசரும் கனக்கப் பேர், ஆனா நம்மட பேச்சக் கேட்டாச் சிலருக்கு ஒரு நமுட்டுச் சிரிப்பு வரும். தம்பிலுவில் எண்டா, அது அம்பாறையெல்லோ, அங்க தமிழர் இரிக்காங்களா எண்டு கேப்பாங்க. மினக்கெடாதீங்க. நம்ம ஊராக்களும் லேசுப்பட்டவங்க இல்ல, வந்து ரெண்டு வருசத்துல தமிழ் மறந்த மாதிரி நடிக்கிறதெல்லாம் நம்ம பக்கத்துலயும் இரிக்கி.

வேலைக்கு வாறன். கிழமைக்கு 24 மணித்தியாலம் கம்பஸுக்கு வெளியில செய்யலாம், 2024 நவம்பர்ல இருந்து அப்பிடி, செமஸ்டர் லீவுல முழு நேரமும் செய்யலாம். எங்கட காலத்துல வெளி வேலைக்குத் தனிப் பெர்மிட், அதுவும் ஆறு மாசம் படிச்ச பிறகுதான் கேக்கலாம், இப்ப வாற பிள்ளைகள் 24 காணாது எண்டு அழுறதப் பாக்க எனக்குச் சிரிப்புத்தான். நம்ம ஆக்கள் கடைக்குக் கூப்பிட்டு, கேஷ்ல தாறன், மணித்தியாலம் எழுதமாட்டன் எண்டுவாங்க. போகாதீங்க. சட்டச் சம்பளத்துல பாதியும் தேறாது, ஒரு மாசம் தராம விட்டாலும் உங்கட ஸ்டடி பெர்மிட் போயிருமெண்டு பயந்து வாய மூடிட்டு இரிப்பீங்க, அது தெரிஞ்சுதான் கூப்பிடுறாங்க. அந்த வேலைக்காகப் பாடத்தக் குறைச்சு முழு நேர ஸ்டூடன்ட் இல்லாமப் போனீங்களோ, அந்த 24 மணித்தியாலமும் சேந்து போயிரும்.

எனக்கும் அந்தக் கட்டம் வந்திச்சு. 2011 சனவரி வெள்ளம், நீங்க அப்ப சின்னப் பிள்ளை, மட்டக்களப்பு அம்பாறை ரெண்டும் தண்ணிக்குள்ள. அப்பாட வயல் படுவான்கரைல, பெரும்போக வேளாண்மை வெட்டுக்குக் கிட்ட நிக்கிற நேரம். நான் இங்க முழங்கால் பனிக்குள்ள நிண்டு போன் காட் சுரண்டி நம்பர் அடிக்கிறன், லைன் போகுதில்ல. கிடைச்ச அண்டு அம்மா சொன்னா, "வேளாண்மை போயிட்டு புள்ள, நாங்க சுகம், நீ படி". அடுத்த ஃபீஸ் அந்த நெல்லுல இருந்துதான் வரணும் எண்டு அவக்கும் தெரியும் எனக்கும் தெரியும், ரெண்டு பேரும் அதக் கதைக்கல்ல. கேஷ் வேலை ஒண்டு இரிக்கி, நாளைக்கே வா எண்டு ஒரு அண்ணன் சொன்னாரு. என்னோட இரிந்த பிள்ளை போனா. நான் போகாம கொலிஜ்ல வெளிநாட்டுப் பிள்ளைகள்ட ஒஃபிஸுக்குப் போய், பாதி இங்கிலீஷ் பாதி கைப்பாஷைல, வெள்ளப் படத்தயும் நெட்டுல காட்டி விசயத்தச் சொன்னன். ஃபீஸத் துண்டு துண்டாக் கட்ட விட்டாங்க, லைப்ரரில புத்தகம் அடுக்கிற வேலையும் தந்தாங்க, கம்பஸுக்குள்ள வேலைக்கு அப்ப பெர்மிட் தேவல்ல. அந்தப் பிள்ளை மூணு பாடம் ஃபெயில், வீட்டுக்கு நல்லாப் படிக்கிறன் எண்டு சொல்லிட்டே இரிந்தா. ஆரும் அறிஞ்சா வெக்கம் எண்டு நம்ம பிள்ளைகள் இந்த ஒஃபிஸ் வாசலே மிதிக்கிறதில்ல, தம்பி. அங்க இரிக்கிற ஆக்களுக்குச் சம்பளமே உங்கட கரைச்சலக் கேக்கத்தான்.

படிப்புல பெரிசா ஒண்டுமில்ல. சேர் எண்டு கதிரைய விட்டு எழும்பத் தேவல்ல, பேர் சொல்லிக் கூப்பிடுங்க, விளங்காட்டிக் கையத் தூக்குங்க. அடுத்தவன்ட அசைன்மன்ட்டப் பாத்து எழுதினா கம்பியூட்டரே பிடிச்சுக் குடுத்திரும். படிச்சு முடிய வேர்க் பெர்மிட் கட்டாயம் எண்டு ஏஜென்சிக்காரன் சொன்னா நம்பாதீங்க, இப்ப கொலிஜ் ஆக்களுக்கு என்ன கோர்ஸ் எண்டும் பாக்கிறாங்க, உங்கட கோர்ஸ் பட்டியல்ல இரிக்கா எண்டு குடிவரவுத் தளத்துல நீங்களே தேடுங்க, காசு கட்ட முதல். செலவுக்குக் காசு இரிக்கெண்டு காட்டக் கனடா பேங்க்ல போட்ட ஜிஐசி காசும் மொத்தமாக் கைக்கு வராது, முதல்ல ஒரு பங்கு, மிச்சம் துண்டு துண்டாத்தான், அத நம்பி வந்த அண்டு ஐபோன் வாங்கிற வேலை வேணாம்.

ரைஸ் குக்கர் வேணாம், நம்ம கரண்ட் 230 வோல்ட், இங்க 120, சோறு வேகாது. அம்மா திரிச்ச மிளகாய்த்தூளும் வறுத்த மாவும் கொண்டு வாங்க, எயார்போட்ல சாப்பாட்டுச் சாமான் இரிக்கெண்டு மறைக்காமச் சொல்லுங்க. எருமத் தயிர மறந்திருங்க. அந்த ரூம்காரர்ட நம்பர எனக்கு அனுப்புங்க, குசினி தனியா எண்டு நானே எடுத்துக் கேட்டுச் சொல்றன்.