நாள் முழுக்க ஒரே பீஸ், மனசு எங்கோ போய்விடுகிறது

கேள்வி: அக்கா, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் நான்கு வருடமாகச் செக்கிங் வேலை பார்க்கிறேன். காலை எட்டரைக்குப் போனால் ஒன்றரை ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வர ராத்திரி ஒன்பதாகிவிடும். டி-ஷர்ட்டை விரி, முன்பக்கம் பார், பின்பக்கம் பார், தையலைப் பார், தள்ளு, அடுத்தது. இதேதான் நாள் முழுக்க. மதியத்துக்கு மேல் கண் பார்த்துக்கொண்டே இருக்கிறது, மனசு அங்கே இல்லை. போன வாரம் ஓட்டை இருந்த பீஸை விட்டுவிட்டு எல்லார் முன்னாலும் திட்டு வாங்கினேன். பையன் இரண்டாவது படிக்கிறான், வேலையை விட முடியாது. 'நிழலில் நிற்கிற வேலைக்கு என்ன சலிப்பு' என்று வீட்டில் கேட்கிறார்கள். பிடிக்காத வேலையில் மனசை எப்படி வைப்பது?
(பெயர் வேண்டாம், திருப்பூர்)

பதில்: தங்கச்சி, முதலில் அந்த ஓட்டை பீஸைப் பற்றிப் பேசிவிடுவோம், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் அதுதான் அதிகம் வலிக்கிறது. நான் பதினோரு வருடம் ஒரு அச்சகத்தில் பிழை திருத்துபவளாக இருந்தேன். காலையில் ஒற்றுப்பிழை ஒன்றைக்கூட விடாத அதே கண், சாயங்காலம் தலைப்பிலேயே 'ண'வுக்குப் பதில் 'ன' இருப்பதைத் தாண்டிப் போயிருக்கிறது. அப்போது எனக்குப் பொறுப்பில்லை என்றுதான் நானே நம்பினேன். பல வருடம் கழித்துத்தான் விஷயம் தெரிந்தது.

இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் விமானப்படை ரேடார் திரையைப் பார்க்க ஆட்களை வைத்திருந்தது. எதிரி நீர்மூழ்கி திரையில் ஒரு சின்னப் புள்ளியாகத்தான் தெரியும். உயிர் போகிற காரியம், இருந்தும் நேரம் ஆக ஆக அந்தப் புள்ளியைத் தவறவிட்டார்கள். நார்மன் மேக்வொர்த் என்ற உளவியலாளர் இதைச் சோதித்துப் பார்த்து 1948-ல் வெளியிட்டார். எண் இல்லாத ஒரு கடிகாரம், ஒரே முள், அது அடி அடியாக நகரும், எப்போதாவது ஒரு தடவை இரட்டை அடி தாவும், அதைக் கண்டுபிடிக்க வேண்டும், இரண்டு மணி நேரம். முதல் அரை மணி நேரம் தாண்டியதுமே தவறுகள் கூடிவிட்டன. போர்க்காலத்தில், பயிற்சி பெற்ற ஆட்களுக்கே அரை மணி நேரம்தான் என்றால், பன்னிரண்டு மணி நேரம் டேபிளில் நிற்கிற உங்களை யார் குறை சொல்ல முடியும்? வீட்டில் கேட்டால் இதைச் சொல்லுங்கள். நிழல் வெயில் கணக்கு வேறு, இது வேறு.

அதனால் ஒரு நாள் முழுவதையும் ஒன்றாகப் பார்க்காதீர்கள், அரை மணி அரை மணியாக வெட்டுங்கள். ஏற்றம் இறைத்தவர்கள் பாட்டுக்குள்ளேயே எண்ணிக்கையை வைத்துப் பாடியது சும்மா இல்லை, எத்தனை சால், அதாவது எத்தனை வாளித் தண்ணீர், ஆச்சு என்று தெரிந்தால்தான் அடுத்த சாலுக்குக் கை வரும். நீங்கள் பண்டலை வைத்து எண்ணலாம். ஒரு பண்டல் முடிந்ததும் தலையை நிமிர்த்தி ஷெட்டின் அந்தக் கடைசிச் சுவரை ஒரு பத்து நொடி பாருங்கள், கண் கொஞ்சம் இளகும். அடுத்த பண்டலில் பார்க்கிற வரிசையை மாற்றுங்கள், கழுத்திலிருந்து ஆரம்பிப்பதை விட்டு அடி மடிப்பிலிருந்து மேலே வாருங்கள். நான் புரூஃபைக் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படிப்பேன், அர்த்தம் ஓடாது, எழுத்து மட்டும் நிற்கும். அப்புறம் ஜப்பான் ரயில்வேயில் ஒரு பழக்கம் உண்டு, சிக்னலை விரலால் சுட்டிக் காட்டி, அது என்ன நிறம் என்று வாய்விட்டுச் சொல்வார்கள். பார்க்கிறவர்களுக்கு விசித்திரமாக இருக்கும், ஆனால் அங்கே செய்த சோதனையில் நூறு வேலைக்கு இரண்டுக்கு மேல் இருந்த தவறு, ஒன்றுக்கும் கீழே வந்துவிட்டது. கழுத்து, தோள், பக்கத் தையல், மடிப்பு என்று விரலை வைத்து முணுமுணுத்துப் பாருங்கள், முக்கியமாக மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு.

சரி, இதெல்லாம் தப்பு விடாமல் இருக்க. மனசு? வேலையைப் பிடிக்க வைக்க வேண்டாம் என்பேன். அதில் தோற்றால் இன்னும் கசக்கும். பதிலாக, கையில் வருகிற குறை எங்கிருந்து வந்தது என்று கேட்க ஆரம்பியுங்கள். துணியில் நீளவாக்கில் ஒரே நேராக ஓடுகிற கோடு இருந்தால், நிட்டிங் மெஷினில் ஒரு ஊசி வளைந்தோ தேய்ந்தோ இருக்கும். குறுக்கே பட்டை பட்டையாக வந்தால் நூல் கலந்திருக்கலாம், இழுவை மாறியிருக்கலாம். ஒரே டி-ஷர்ட்டில் கையும் உடம்பும் லேசாக நிறம் மாறி இருந்தால், வேறு வேறு சாயத் தொட்டியில் நனைந்த ரோல்கள் வெட்டும்போது கலந்திருக்கும். ஒரு சின்ன நோட்டு வையுங்கள். என்ன குறை, எந்த லைன், எத்தனை மணிக்கு, எத்தனை பீஸ், அவ்வளவுதான். பத்து நாள் எழுதினால், அதே டைலரிடமிருந்து அதே இடத்தில் தையல் விடுபடுவது தெரியும், அது பெரும்பாலும் அவர் ஊசியை மாற்றினாலே தீர்கிற விஷயம். அதை அவரிடம் தனியாக, மெதுவாகச் சொல்லுங்கள், சூப்பர்வைசருக்கு முன்னால் வேண்டாம். எல்லார் முன்னாலும் கேட்டால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

இன்னொன்று, உங்கள் டேபிளுக்கு அப்புறம் அந்த பீஸ் எங்கே போகிறது என்று யாராவது உங்களுக்குச் சொன்னார்களா? பையரின், அதாவது சரக்கை வாங்குகிற கம்பெனியின், ஆள் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வரும்போது எல்லாவற்றையும் பார்ப்பதில்லை. எத்தனை குறை வரை ஏற்கலாம் என்று சொல்கிற ஏ.க்யூ.எல் என்ற கணக்கு ஒன்று உண்டு. வழக்கமான ஏ.க்யூ.எல் 2.5-ல், 2,000 பீஸ் உள்ள ஒரு லாட்டில், அதாவது சரக்குத் தொகுதியில், 125 பீஸை உருவிப் பார்ப்பார்கள். பெரிய குறை 7 வரை இருந்தால் பாஸ், 8 ஆகிவிட்டால் மொத்த லாட்டும் ஃபெயில். திரும்பப் பிரித்து, பார்த்து, பேக் செய்ய வேண்டும், அந்த ராத்திரி பாதி ஷெட்டுக்குத் தூக்கம் போகும். ஏழா எட்டா என்பது உங்கள் மாதிரி நாலைந்து பெண்களின் டேபிளில் முன்னாலேயே முடிவாகிவிடுகிறது. நாலு வருடமாக இதை உங்களிடம் சொல்லாமல் வெறுமனே 'பார், தள்ளு' என்று நிற்க வைத்திருந்தால் அது கம்பெனியின் தவறு, எனக்கு உண்மையாகவே கோபம் வருகிறது. அடுத்த முறை இன்ஸ்பெக்‌ஷன் நடக்கும்போது தூரத்தில் நின்றாவது பாருங்கள், ரிப்போர்ட்டில் என்ன எழுதினார்கள் என்று க்யூசியிடம், அதாவது உங்கள் கம்பெனியில் தரம் பார்ப்பவரிடம், கேளுங்கள். கேட்கக் கேட்க அந்த வேலை உங்களுக்கும் பிடிபடும். இப்போது க்யூசியாக இருப்பவர்களில் பலர் செக்கிங் டேபிளிலிருந்து போனவர்கள்தான்.

சூப்பர்வைசரிடமும் ஒன்று கேட்கலாம்: மதியத்துக்கு மேல் இரண்டு மணி நேரம் மடிப்பிலோ பேக்கிங்கிலோ மாற்றி நிறுத்த முடியுமா என்று. சலிப்பாக இருக்கிறது என்று சொன்னால் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். நோட்டைக் காட்டி, இத்தனை மணிக்கு மேல் எனக்கும் பக்கத்து டேபிளுக்கும் மிஸ்ஸிங் கூடுகிறது என்று சொல்லுங்கள், ரிஜெக்‌ஷன் குறைவது அவருக்கும் வேண்டியதுதானே. ஒருவேளை மாட்டேன் என்றால், பக்கத்து டேபிள் அக்காவும் நீங்களும் பண்டலை மாற்றிக்கொண்டாவது பாருங்கள்.

நோட்டு எழுத ஆரம்பித்து ஒரு மாதம் ஆனதும் எனக்கு மறுபடி எழுதுங்கள். எந்தக் குறை அதிகம் வந்தது, அந்த டைலர் ஊசியை மாற்றினாரா என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.