கனடாவிலிருந்து எஸ்பிரெஸோ இயந்திரம் வரட்டுமா?

மாங்குளத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: கனடாவில் வசிக்கும் சித்தப்பா, ஆடி மாதம் ஊருக்கு வரும்போது, அமுக்கத்தில் கோப்பி வடிக்கும் எஸ்பிரெஸோ இயந்திரம் ஒன்றைக் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார். வீட்டில் இருப்பது குழாய்க்கிணற்றுத் தண்ணீர். கேற்றிலின் அடியில் வெள்ளையாகப் படிகிறது. மின்சாரமும் அவ்வப்போது நின்றுபோகிறது. இதுவரை மல்லி சேர்த்து இடித்த கோப்பித்தூளை மட்டுமே பயன்படுத்திய தாம் எதிலிருந்து தொடங்குவது?

சித்தப்பா அந்த இயந்திரத்தை வாங்குவதற்கு முன் அவருக்கு ஓர் அழைப்பை எடுத்துவிடுங்கள். கனடாவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ற், 60 ஹேட்ஸ். இங்கே இலங்கையில் 230 வோல்ற், 50 ஹேட்ஸ். அங்குள்ள இயந்திரத்தை இங்கே நேரடியாகச் செருகினால், மின்னழுத்தம் ஏறத்தாழ இரண்டு மடங்காவதால் அதன் சூடாக்கும் சுருள் மூன்றரை மடங்குக்கும் அதிகமான மின்வலுவை இழுத்து எரிந்துபோகும். மின்மாற்றி வைத்து ஓட்டலாம் என்று சிலர் சொல்வார்கள். ஆனால் 1500 வாற்றுக்குக் குறையாத மின்மாற்றி பாரமானது, விலையும் கூடியது; அதுவும் மின்னழுத்தத்தைக் குறைக்குமே தவிர 50 ஹேட்ஸை 60 ஆக்காது. உறவினர் இலண்டனிலோ சுவிஸிலோ இருந்தால் கதை வேறு. அங்குள்ள இயந்திரங்கள் நமது மின்சாரத்துக்குப் பொருந்தும், சுவிஸ் இயந்திரத்துக்கு பிளக்கை மட்டும் மாற்றினால் போதும்.

ஆகவே சித்தப்பாவிடம் வயர் இல்லாத இரண்டு பொருள்களைக் கேளுங்கள். ஒன்று, நெம்புகோலைக் கையால் அழுத்தி எஸ்பிரெஸோ எடுக்கும் கருவி. மற்றது, எஸ்பிரெஸோ அளவுக்கு மையாக அரைக்கக்கூடிய, உருக்குப் பற்கள் கொண்ட கைக் கிறைண்டர். பெட்டியில் இடம் மிஞ்சினால், 0.1 கிராம் வரை காட்டும் சிறிய பற்றரித் தராசு ஒன்றையும் சேர்த்துக்கொள்ளலாம். மின்சாரம் நின்றாலும் விறகடுப்பில் தண்ணீர் கொதிக்கவைத்து எஸ்பிரெஸோ குடிக்க முடியும் என்பது இந்தக் கருவியால் வன்னியில் கிடைக்கும் பெரிய ஆறுதல்.

எஸ்பிரெஸோ என்பது கடுஞ்சாயம் போன்ற கறுப்புக் கோப்பி மட்டுமன்று. மையாக அரைத்த தூளின் ஊடாக, ஏறத்தாழ 9 பார் அமுக்கத்தில், 90 முதல் 96 பாகை செல்சியஸ் வெப்பநிலையுள்ள தண்ணீரை அரை நிமிடமளவில் செலுத்தி எடுப்பதே அது. பத்து மீற்றர் உயரத்தில் தண்ணீர்த் தாங்கி ஒன்றை ஏற்றிவைத்தால், கீழே குழாயில் கிடைப்பது ஏறத்தாழ ஒரு பார். அப்படியானால் 9 பாருக்குத் தாங்கி தொண்ணூறு மீற்றர் உயரத்தில் நிற்க வேண்டும். மேற்பரப்பில் நிற்கும் பொன்னிற நுரை, இத்தாலியரான கஜ்ஜியா 1940களில் நெம்புகோல் இயந்திரத்தைக் கொண்டுவந்த பிறகே கோப்பையில் தோன்றியது. எனவே கையால் அழுத்துவதை ஏழையின் மாற்றுவழி என்று எண்ண வேண்டாம்.

பணத்தின் பெரும்பகுதியைக் கிறைண்டருக்கே ஒதுக்குங்கள் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. வரம்பில் நண்டுப் பொந்து ஒன்று இருந்தால் வயல் தண்ணீர் முழுவதும் அதனூடாகவே ஓடிவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். அமுக்கத்தில் வரும் தண்ணீரும் தூளில் தளர்ந்த இடம் ஒன்றைக் கண்டால் அதனூடாகவே பாய்ந்துவிடும். அந்த இடத்துத் தூள் அளவுக்கு மிஞ்சிக் கரைந்து கசக்க, மற்றத் தூள் கரையாமல் நின்று புளிக்க, ஒரே கோப்பையில் இரண்டு கெடுதியும் சேர்ந்து வரும். உரலில் இடித்த தூளிலும், மிக்சியைப் போல வெட்டும் கத்தியுள்ள கிறைண்டரில் அரைத்த தூளிலும் மாவும் குறுணலும் கலந்திருப்பதால் இது நிச்சயம் நடக்கும்.

தண்ணீர் விடயத்தில் உங்கள் கேற்றில் ஏற்கெனவே சாட்சி சொல்லிவிட்டது. மின் இயந்திரமாக இருந்தால் அந்த வெள்ளைப் படிவு கொதிகலனுக்குள்ளும் குழாய்களுக்குள்ளும் கட்டி, காலப்போக்கில் வழியை அடைத்துவிடும். கைக்கருவியில் கொதிகலன் இல்லை. படிவு கேற்றிலோடு நின்றுவிடும், அதைத் தேசிக்காய்ப் புளியில் ஊறவைத்துக் கழுவலாம். ஆனாலும் சுவைக்காகத் தண்ணீரைக் கவனித்தாக வேண்டும். கடினத்தன்மை, அதாவது தண்ணீரில் கரைந்துள்ள சுண்ணாம்புச் சத்து, லீற்றருக்கு 50 முதல் 150 மில்லிகிராம் வரை இருப்பது எஸ்பிரெஸோவுக்கு நல்லது. அதைவிட மிகக் கடினமான தண்ணீரில் கோப்பி மந்தமாகும், கரைந்த உப்புகளை நீக்கும் ஆர்.ஓ. முறையில் வடிகட்டிய தண்ணீரை மட்டும் ஊற்றினால் சுவை வெறுமையாகவும் கூர்மையாகவும் இருக்கும். உதாரணமாக, உங்கள் கிணற்றுத் தண்ணீரின் கடினத்தன்மை 400 மில்லிகிராம் என்றால், அதில் ஒரு பங்கோடு ஆர்.ஓ. தண்ணீர் நான்கு பங்கு கலக்க, ஏறத்தாழ 80க்கு இறங்கிவிடும். கிணறு உவர்ப்பாக இருந்தால் அதைக் கலக்கவே வேண்டாம்.

கோப்பிக்கொட்டையை நமது மலைநாட்டில் விளைந்ததாகவே வாங்கலாம்; வறுத்த திகதி பொதியில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். நடுத்தரத்துக்குச் சற்றுக் கூடிய வறுவல் தொடக்கத்துக்கு இலகுவானது. வறுத்து ஒரு கிழமை கழித்துத் தொடங்கி, ஒரு மாதமளவில் முடித்துவிடுங்கள். 250 கிராமில் பதினைந்து கோப்பை வரும்; முதற்பொதியில் பாதி பழகுவதற்கே போய்விடும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

செய்முறைக்கு வருவோம். 16 கிராம் கொட்டையை நிறுத்து, மெல்லிய மணலைவிடச் சற்று மையாக அரைத்து, அடியில் நுண்துளைகள் உள்ள உலோகக் கிண்ணத்தில் இட்டு, ஊசியாலோ ஈர்க்காலோ கட்டிகளைக் கிளறிச் சமப்படுத்திய பிறகு, அமுக்கியால் நேராக ஒருமுறை அழுத்துங்கள். கருவியின் உலோகப் பகுதிகளைக் கொதிநீரில் சூடாக்கிக்கொள்வதை ஒருபோதும் தவிர்க்க வேண்டாம். குளிர்ந்த உலோகம் தண்ணீரின் சூட்டை இழுத்துவிடுவதால்தான் புதிதாகப் பழகுவோரின் கோப்பி பெரும்பாலும் புளிக்கிறது. கொதிநீரை ஊற்றி, முதல் ஏழெட்டு வினாடிகள் மெதுவாக அழுத்தித் தூளை நனையவிட்டு, பிறகு அமுக்கத்தைக் கூட்டுங்கள். தராசில் 32 கிராம் வந்ததும் நிறுத்திவிடுங்கள். கருவியைக் கழற்றுமுன் உள்ளே எஞ்சிய அமுக்கம் இறங்கும்வரை பொறுத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் சுடுநீர் கையில் தெறிக்கும்.

அந்த 32 கிராம் வர 25 முதல் 35 வினாடிகள் எடுத்திருந்தால் நல்ல தொடக்கம். பதினைந்து வினாடியில் ஓடிவந்து புளித்தால் இன்னும் மையாக அரையுங்கள். ஒரு நிமிடமாகச் சொட்டிக் கசந்தால் சற்றுப் பரும்படியாக அரையுங்கள். கொட்டையின் எடையையும் கோப்பையில் எடுக்கும் அளவையும் அப்படியே வைத்துக்கொண்டு அரைவை ஒன்றையே மாற்ற வேண்டும். மூன்றையும் ஒருங்கே மாற்றினால் எது திருத்தியது, எது கெடுத்தது என்று தெரியாது. மாரிகாலத்தில் காற்று ஈரமாகும்போது, நேற்றுச் சரியாக இருந்த அரைவை இன்று பொருந்தாமல் போகலாம். கிறைண்டரை ஓரிரு புள்ளிகள் நகர்த்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

வீட்டிலுள்ள மல்லிக் கோப்பித்தூளை வழமைபோலத் துணியில் வடித்துக் குடியுங்கள். மல்லி சேர்த்து வறுத்த கொட்டையை மட்டும் புதிய கிறைண்டரில் போட வேண்டாம். அந்த வாசம் பற்களில் ஏறிவிட்டால், கழற்றித் துலக்கினாலும் பல நாட்களுக்குப் போகாது.