வாசகர் கேள்வி: பிள்ளைகளைக் கேட்டால் போதுமா?

கேள்வி: அம்மா, நான் அரசு நடுநிலைப்பள்ளி ஆசிரியை. குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கு எங்கள் பிள்ளைகள் ‘டிவி விளம்பரமும் நொறுக்குத்தீனியும்’ என்ற தலைப்பை எடுத்திருக்கிறார்கள். “விளம்பரம் பார்த்து வாங்குவீர்களா?” என்று எழுதிக் கேட்டோம். பெரும்பாலோர் ‘இல்லை’ என்றுதான் எழுதினார்கள். பாதிப்பு இல்லை என்று முடிவு செய்யலாமா? ‘பழம் சாப்பிடுங்கள்’ என்று பிரசாரம் செய்தால் விளம்பரத்தைச் சமாளித்துவிட முடியாதா?
– ஒரு வாசகி, மணப்பாறை

பதில்: அப்படி முடிவு செய்யாதீர்கள், டீச்சர். நீங்கள் கேட்டால் எந்தப் பிள்ளையும் உங்களுக்குப் பிடித்த பதிலைத்தான் எழுதும். பொய் என்று சொல்ல மாட்டேன். கடையில் அந்தப் பாக்கெட்டை எடுக்க வைத்தது எது என்று அதற்கே தெரியாது. தின்றது எவ்வளவு என்று எடை போட்டுப் பாருங்கள், அதுதான் அளவு.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009-இல் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. 7 முதல் 11 வயது வரை 118 பிள்ளைகள். எல்லோருக்கும் அதே 14 நிமிடக் கார்ட்டூன். ஒரு சாராருக்கு நடுவே தின்பண்ட விளம்பரம், மற்றவர்களுக்கு வேறு பொருள்களின் விளம்பரம். கையருகே கிண்ணத்தில் மீன் வடிவ உப்பு பிஸ்கட். தின்பண்ட விளம்பரம் பார்த்தவர்கள் 45 சதவீதம் கூடுதலாகத் தின்றார்கள். அந்த பிஸ்கட் விளம்பரத்தில் வரவே இல்லை! ‘எங்கள் பிராண்டுக்குத்தான் ஆள் பிடிக்கிறோம், பிள்ளைகளை அதிகமாகத் தின்ன வைக்கவில்லை’ என்று கம்பெனிகள் சொல்லும் சமாதானத்தை இதனால்தான் நான் ஏற்பதில்லை.

இதை உங்கள் பள்ளியிலும் செய்யலாம். பெற்றோரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். குழு பிரிப்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் செய்ய வேண்டும். முன் பெஞ்ச், பின் பெஞ்ச் என்று பிரித்தால் கணக்கு கெட்டுப்போகும். இரண்டாவது குழுவுக்கு பொம்மை, பென்சில் விளம்பரங்களைக் காட்டுங்கள். விளம்பரமே இல்லையென்றால் பார்க்கும் நேரம் வேறுபட்டுவிடும். சத்துணவு முடிந்த கையோடு வேண்டாம், எல்லோருக்கும் சாப்பிட்டு அதே அளவு நேரம் ஆகியிருக்கட்டும். ஒவ்வொருவராக உட்கார வையுங்கள், ஒருவன் கை போட்டால் பக்கத்தில் இருப்பவனும் போடுவான். காராச்சேவு நல்லது, வேர்க்கடலை சில பிள்ளைகளுக்கு ஒவ்வாது. கிண்ணத்தோடு முன்னும் பின்னும் கிராம் காட்டும் தராசில் வையுங்கள். தரையில் சிந்திய தூளையும் கூட்டி எடுத்துச் சேர்த்து நிறுக்க வேண்டும். முடிந்ததும் எதற்காகச் செய்தோம் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள், அது அவர்களுக்கு நாம் பட்ட கடன்.

பிரசாரம் பற்றிக் கேட்டீர்கள். கனடாவின் கியூபெக்கில் ஒரு கோடை முகாமில் 5 முதல் 8 வயதுப் பிள்ளைகளுக்கு இரண்டு வாரம் தினமும் அரை மணி நேரம் டிவி காட்டி, பிறகு தின்பதற்கு எதை எடுக்கிறார்கள் என்று பார்த்தார்கள். 1982-இல் வெளிவந்த ஆய்வு. மிட்டாய் விளம்பரம் பார்த்தவர்கள் பழத்தைவிட்டு மிட்டாய்ப் பக்கம் போனார்கள். பழ விளம்பரமும் சத்துணவு அறிவுரையும் தந்த பலனை, மிட்டாய் விளம்பரத்தை வெறுமனே எடுத்துவிட்டதே தந்தது. பிரசாரத்துக்குச் செலவழிப்பதற்கு முன் விளம்பரத்தை நிறுத்துங்கள் என்று நான் விடாமல் சொல்வது இதை வைத்துத்தான்.

நம் நாட்டில் 2022-இல் வந்த நெறிமுறைப்படி, சிறுவர் நிகழ்ச்சிகளிலும் சிறுவர் சேனல்களிலும் சிப்ஸ், குளிர்பானம் போன்றவற்றின் விளம்பரம் கூடாது. ஆனால் பிள்ளைகள் வீட்டாரோடு சீரியலும் கிரிக்கெட்டும் பார்க்கிறார்களே! ஒரு வாரம் எந்த நிகழ்ச்சியில் எத்தனை தின்பண்ட விளம்பரம் வந்தது என்று பிள்ளைகளையே நோட்டில் குறிக்கச் சொல்லி, அந்த அட்டவணையையும் அறிக்கையோடு சேர்த்து அனுப்புங்கள்.